கிழவன் பாட்டு

அந்தப் பாடகரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருடைய ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்த ரசிகர்களை எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து அவர்களோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். சரியாகச் சொன்னால், டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு மனிதர்மேல் உயிரையே வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு, அவருக்கு வயதாவதை மட்டும் மன்னிக்காத கூட்டம் அது. இதை எழுத உட்கார்ந்ததுமே எனக்கு மறுபடியும் கோபம் வருகிறது. வரட்டும்.

அவர் வெள்ளைக்காரர். ஆங்கிலத்தில் பாடும் ராக் பாடகர். இளவயதில் உச்சக்குரலில் கத்திப் பாடியே உலகம் முழுக்கப் பேர் வாங்கியவர். அப்படிப்பட்டவருக்குப் புதுச்சேரியில் ஒரு ரசிகர் கூட்டம் இருந்தது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். இருந்தது. சினிமா நடிகருக்கு வைப்பதுபோலக் கட்-அவுட்டும் பாலாபிஷேகமும் கிடையாதே தவிர, பைத்தியம் அதே பைத்தியம்தான். அவரை நாங்கள் 'தலைவர்' என்றுதான் சொல்வோம்.

கூட்டம் கூடுவது முசேவின் வீட்டில். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா, எங்களுக்கு அதுவே அவர் பெயர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊருக்குத் திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். முசே ஒரு சொல்தா. பீரங்கிப் படையில் இருந்தவர். தலைவரின் பாட்டை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் பெரிய வீடு, நடுவில் முற்றம், கூடத்தில் பிரான்சிலிருந்து கப்பலில் வரவழைத்த பாட்டு செட். ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் என் தோள் உயரம் இருக்கும். ஊரில் வேறு யாரிடமும் அப்படி ஒரு செட் இல்லை என்பதில் எங்கள் எல்லாருக்கும் பெருமை.

அந்தச் செட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பீரங்கிச் சத்தத்தில் முசேவின் காது கெட்டிருந்தது. முழுச் செவிடு இல்லை. மெல்லிசாகவும் கூர்மையாகவும் இருக்கிற சத்தம்தான் அவருக்குக் கேட்காது. கொசு காதோரம் பாடினாலும் தெரியாது. அதனால் ஆம்ப்ளிஃபயரில் கூர்மையான சத்தத்தைக் கூட்டுகிற டிரெபிள் குமிழைக் கடைசிவரை திருகிவைத்திருப்பார். அவருக்கு அப்போதுதான் பாட்டு பாட்டாகக் கேட்கும். எங்களுக்கு அது காதில் கம்பியை விட்டுக் குடைவது போல இருக்கும். ஆனால் ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. குமிழ் அதிகம் என்று சொன்னால், உங்களுக்குக் காது கேட்கவில்லை என்று சொன்னதாக ஆகிவிடும். வீடு அவருடையது, செட் அவருடையது, பாட்டு அவர் போட்ட பிச்சை. தலைவரின் பழைய பாட்டுகள் எல்லாம் இரைச்சலான பாட்டுகள் என்பதால் அந்தக் குடைச்சலும் அவற்றோடு சேர்ந்துபோயிற்று. தலைவரின் குரல் அப்படித்தான் என்றே எங்கள் கூட்டம் நம்பியது.

புது ஆல்பம் வெளிவந்தால் முசேவின் மகள் பிரான்சிலிருந்து கொண்டுவருவாள். அதைக் கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, முசே மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் எல்லாரும் கூடத்தில் கூடுவோம். அதற்கு முன்னால் யாரும் தனியாகக் கேட்கக் கூடாது. ஃபேன் சத்தம் பாட்டைக் கெடுக்கும் என்று ஃபேனை நிறுத்திவிடுவார்கள். எங்கள் ஊர் வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முடிந்ததும் முசேவிலிருந்து தொடங்கி வயதுப்படி ஒவ்வொருவரும் தங்கள் கருத்தைச் சொல்வார்கள். நான் கடைசி. என் முறை வருவதற்குள் எல்லாரும் எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு, "ஏம்மா, டீ இன்னா ஆச்சு?" என்று கேட்பார்கள். அவ்வளவுதான் என் கருத்துக்கு மரியாதை.

கருத்துச் சொல்லி முடிந்ததும் புது ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஜூலை பதினாலு பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். அன்று முசே வீட்டு முற்றத்தில் விருந்து நடக்கும். அந்த விருந்தில் அந்த மூன்று பாட்டுகளையும் எங்கள் ஆட்களே பாடி வாசிக்க வேண்டும். மின்துறையில் வேலை பார்த்த ஒருவர் டிரம்ஸ். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த ஒருவர் கிடார். பாடுவது என் அண்ணன்.

அண்ணன் பத்தாவதோடு நின்றவன். மில்லில் வேலை பார்த்தான். மில்லில் ஆளைக் குறைத்தபோது வெளியே வந்து, தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஐஸ் பேக்டரியில் சேர்ந்தான். படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுவது வேலை. ஆங்கிலம் அவனுக்கு அரைகுறை. பாட்டு வரிகளை நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொடுப்பேன், அர்த்தமும் சொல்வேன். அவன் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிப் பாடினால், ஐஸ் உடைக்கிற ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. தலைவரின் மிகப் பழைய பாட்டு ஒன்றின் நடுவில் ஒரு கூச்சல் வரும். வார்த்தையே இருக்காது. வெறும் குரல், மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். அண்ணன் அதை இழுக்கும்போது முற்றத்தில் கையில் தட்டோடு நிற்கிறவர்கள்கூடச் சாப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள்.

அந்தக் குரல் போய்விட்டது. கழுத்தில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். குரல் பழையபடி வராமல் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்படியே ஆயிற்று. உயிர் பிழைத்தான். பேச்சு வந்தது, ஆனால் கரகரவென்று, அடித்தொண்டையிலிருந்து. மேல் சுருதிக்குப் போனால் காற்றுதான் வந்தது. முசே சாத்துக்குடிப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அதை மறைக்கக் கூடாது. அதற்குப் பிறகு வந்த விருந்துகளில் அண்ணன் பாடவில்லை. சிடியைப் போட்டார்கள். அவன் ஓரமாக நாற்காலி எடுத்துப் போடுகிற வேலையைச் செய்தான். வீட்டில்கூட வாய்க்குள் ஒரு பாட்டை முணுமுணுத்து நான் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான், இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கோடையில், தலைவரின் புது ஆல்பம் வந்தது. பல வருஷ இடைவெளிக்குப் பிறகு வந்தது. மகள் கொண்டுவந்து கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கூடினோம். ஃபேனை நிறுத்தினார்கள். முசே கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சிடியைப் போட்டார்.

முதல் பாட்டிலேயே எல்லாருக்கும் முகம் மாறியது. டிரம்ஸ் இல்லை. ஒரே ஒரு கிடார், அதன்மேல் மைக்கை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு கட்டைக் குரல். அந்தக் குரலையும் முசேவின் செட் கெடுத்து வைத்திருந்தது. தலைவர் மூச்சு விடுவது, உதடு ஒட்டிப் பிரிவது எல்லாம் உஸ் உஸ்ஸென்று காதில் அறைந்தன. பாட்டு அதற்கு அடியில் எங்கேயோ புதைந்து கிடந்தது. கடைசிவரை அப்படியே ஓடி முடிந்தது.

முசே தொடங்கினார். "இது அவன் இல்ல. இன்னாடா இது, காத்து அடிக்கிற மாதிரி இருக்குது? நம்பள ஏமாத்திட்டான்."

டிரம்ஸ்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். "கெழவன் மொனகுறான் முசே. கெழவன் பாட்டு!" என்றார். கூடமே சிரித்தது. அந்த நிமிஷத்திலிருந்து அந்த ஆல்பத்துக்கு எங்கள் கூட்டத்தில் அதுதான் பெயர்.

கிடார் வாத்தியார் சிரிக்கவில்லை. அவர் சிரிக்கிற ஆள் இல்லை, விளக்குகிற ஆள். "கலைஞன்னா ஒரு கட்டத்துல நிறுத்தத் தெரியணும். பேர் இருக்கறப்பவே எறங்கிடணும். இவரு இப்பிடிப் பாடினா, இவர நம்பி இத்தினி வருசம் கேட்ட நம்ம கதி இன்னாவறது?" என்று ஒரு பாடமே எடுத்தார். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடுகிறவன் எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்ல இவர் யார்? இவர் பள்ளிக்கூடத்தில் எப்போது நிறுத்தப்போகிறார் என்று பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்.

அண்ணன் முறை வந்தது. "எனக்குப் புடிச்சிருக்குது" என்றான் மெதுவாக.

டிரம்ஸ்காரர் திரும்பிப் பார்த்தார். "உனக்கு இப்ப அதான்டா புடிக்கும்" என்றார்.

அதைக் கேட்டும் சிலர் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான், அதுதான் கொடுமை. அவன் கை தானாகப் போய்க் கழுத்துத் தழும்பைத் தொட்டது. அதை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. என் முறை வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. எழுந்து போய் ஆம்ப்ளிஃபயரின் டிரெபிள் குமிழைப் பாதிக்குத் திருப்பினேன்.

"ஏய், தொடாத!" என்று முசே கத்தினார்.

"உங்க காதுக்கு வெச்சத எத்தினி வருசத்துக்கு முசே நாங்க கேக்கறது? ஒரே ஒரு பாட்டு எங்க காதுக்குப் போட்டுக் காட்டறேன்."

அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று பின்னால் பலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். ஊர் பூரா தெரிந்த விஷயத்தை ஊரே சேர்ந்து மறைத்தால் அதற்கு மரியாதை என்று பெயர், ஒருத்தி சொல்லிவிட்டால் அவளுக்கு வாய்க்கொழுப்பு. இரண்டாவது பாட்டை மறுபடி போட்டேன். உஸ்ஸென்ற சத்தம் அடங்கியது. அந்தக் கட்டைக் குரல், பக்கத்து நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து பாடுவது போலத் தெளிவாக வந்தது. அந்தப் பாட்டில் ஒருவர் தன் வீட்டு மாடிப்படி ஏறுகிறார். ஏறி முடித்ததும் எதற்கு ஏறினோம் என்பது மறந்துவிடுகிறது. மேலே நின்றுகொண்டு, கீழே இருப்பவளைக் கூப்பிட்டுக் கேட்கிறார். கீழே யாரும் இல்லை என்பது அப்புறம்தான் அவருக்கு நினைவு வருகிறது. பாட்டு அவ்வளவுதான்.

பாட்டு முடிந்ததும் திரும்பி எல்லார் முகத்தையும் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

கிடார் வாத்தியார் தொண்டையைச் செருமினார். "மொதல்ல சரியாக் கேக்கல, அது வாஸ்தவம். இப்ப நல்லாக் கேக்குது. நல்லாக் கேட்டா இன்னும் மோசமா இருக்குது" என்றார்.

இந்தத் தடவை சிரிப்பு முன்னைவிடப் பெரிதாக இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர்களுக்குப் பழுது காதில் இல்லை என்று. முசே மட்டும் சிரிக்கவில்லை. குமிழைத் திருப்பியதும் அவருக்குப் பாட்டு போயே போய்விட்டது. ஸ்பீக்கரையும் எங்கள் முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, "இன்னா பண்ண? ஒண்ணும் கேக்கலியே. முடிஞ்சுபோச்சா?" என்று கேட்டார். ஒரு நொடி அவர்மேல் எனக்குப் பாவமாக இருந்தது. அடுத்த நொடி, இத்தனை வருஷமாக அவரை இப்படி ஏமாற்றி உட்காரவைத்த மற்றவர்கள்மேல் கோபம் இரட்டிப்பாக வந்தது. முசே சிடியை எடுத்து அண்ணன் கையில் திணித்தார். "நீயே எடுத்துக்கினு போ. எனக்கு வேணாம்" என்றார்.

அதுதான் அந்தக் காலையில் நடந்த ஒரே நல்ல காரியம்.

அண்ணன் வீடும் என் வீடும் மூலக்குளத்தில் பக்கத்துப் பக்கத்துத் தெரு. சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் மீன் குழம்பு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி கோயிலுக்குப் போயிருந்தாள். கேட்டைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே அண்ணன் பாடிக்கொண்டிருந்தான், மாடிப்படிப் பாட்டை. தலைவரின் கட்டைக் குரலும் அவனுடைய கெட்டுப்போன குரலும் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தன. எட்டிப் பிடிக்க வேண்டிய சுருதி எதுவும் அந்தப் பாட்டில் இல்லை. அவனிடம் மிச்சம் இருந்த குரலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கையில் குழம்புப் பாத்திரத்தோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

உள்ளே போனதும் அவன் நிறுத்திவிட்டான். "ஒரு வரி நடுவுல இன்னா சொல்றார்னே புரியல. எழுதிக் குடேன்" என்றான். எழுதிக்கொடுத்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு அவன் என்னிடம் வரி கேட்டது அதுதான் முதல் தடவை. ஜூன் முடிவதற்குள் மூன்று பாட்டு தயார் பண்ணிவிட்டான். வேலைக்குப் போகும்போது வண்டியில், ஐஸ் உடைக்கும் மிஷின் இரைச்சலுக்கு நடுவில், எந்நேரமும் அதே வேலை. அண்ணி என்னிடம், "ராத்திரி தூங்கறாரு இப்பல்லாம்" என்று சொன்னாள்.

விருந்துக்கு ஆள் கூடிப் பேசிய அன்று அண்ணன் எழுந்து, "வழக்கம்போலப் புது ஆல்பத்துலேருந்து மூணு பாட்டு. நான் பாடறேன்" என்றான். அவன் இவ்வளவு பேசியதே அதிசயம். எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று நான் முட்டாள்தனமாக எதிர்பார்த்தேன்.

"கெழவன் பாட்டா? விருந்துலயா?" என்றார் டிரம்ஸ்காரர். "மச்சான், நல்ல நாளும் அதுவுமா ஒப்பாரி வெக்கணுமா? நான் எதுக்குக் கொட்ட? அதுல டிரம்ஸே இல்லியே."

"நீ பாடறது சந்தோசம்பா" என்றார் கிடார் வாத்தியார். "ஆனா இத ஒத்துக்கினோம்னா, அவர் இப்பிடி எறங்கினத நாமளே ஒத்துக்கின மாதிரி. நாம அவரோட ரசிகருங்க. அவர் கெட்டுப்போனா நாமளும் கூடப் போகணும்னு ஒண்ணும் இல்ல."

"அவர் கெட்டுப்போகல வாத்தியாரே, அவருக்கு வயசாச்சு" என்றேன் நான்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார் அவர்.

சொன்னவருக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. தலைக்குச் சாயம் அடிக்கத் தவறியதில்லை. டிரம்ஸ்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி, பாதி மாத்திரை காலையில் பாதி மாத்திரை மாலையில் என்று ஓடிக்கொண்டிருந்தது. மாடி ஏறி எதற்கு ஏறினோம் என்று மறக்கிற வயதில்தான் அங்கே எல்லாரும் இருந்தார்கள். ஆனால் அந்த வெள்ளைக்காரர் மட்டும் அறுபது வயதிலும் இறுக்கிப் பிடித்த கால்சட்டையோடு மேடையில் குதித்து, தொண்டை கிழியக் கத்த வேண்டும். இவர்கள் வாலிபத்தை அவர் தலையில் கட்டிவைத்திருந்தார்கள். அவர் அதை இறக்கிவைத்ததும் துரோகி ஆகிவிட்டார்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது என்று எழுதத்தான் ஆசை. பிரியவில்லை. ஒரு பக்கம் நானும் அண்ணனும், இன்னொரு பக்கம் மற்ற எல்லாரும். அடுத்த பத்து நாளும் பார்க்கிற இடத்திலெல்லாம் சண்டை போட்டேன். கடற்கரையில் நடக்கப் போனால் சண்டை, மார்க்கெட்டில் டிரம்ஸ்காரரின் மனைவியைப் பார்த்தால் அவளோடும் சண்டை. "உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லியா, யாரோ ஒரு வெள்ளக்காரன் பாட்டுக்கு?" என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். யாரோ ஒரு வெள்ளைக்காரனுக்காக நான் சண்டை போடவில்லை என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

கடைசியில் முசே தீர்ப்புச் சொன்னார். பாடினால் பழைய பாட்டு. அதுவும் அந்தக் கூச்சல் பாட்டு. முடியாவிட்டால் சிடி போட்டுக்கொள்ளலாம்.

"பழசே பாடறேன் முசே" என்றான் அண்ணன்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு வழி முழுக்கத் திட்டினேன். "ண்ணா, உன்னால அது முடியாதுன்னு உனக்குத் தெரியுமில்ல? நாலு பேர் முன்னாடி அசிங்கப்படணும்னு இன்னா தலையெழுத்து? ஒனக்கு ரோசமே இல்லியா?"

வண்டியைச் சிக்னலில் நிறுத்தியபோது, "மைக் முன்னாடி நிக்கணும் போல இருக்குது. அவ்ளோதான்" என்றான். அதற்குமேல் நான் என்ன திட்டுவது?

ஜூலை பதினாலு மத்தியானம் முற்றம் நிறைந்துவிட்டது. பிரெஞ்சு மூவர்ணக் கொடி, மெடல் குத்திய கோட்டோடு வயதான சொல்தாக்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள், சமையல்கட்டிலிருந்து பிரியாணி வாசனை. ஷாமியானாவுக்குக் கீழே டிரம்ஸ், கிடார், நடுவில் மைக். மைக்கை முசேவின் செட்டில்தான் கோத்திருந்தார்கள். நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், அண்ணனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன்.

அவன் தொடங்கினான். ஆரம்ப வரிகளைக் கீழ் சுருதியில் சமாளித்தான். டிரம்ஸும் கிடாரும் இடித்த இடியில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எல்லாரும் தாளம் போட்டுக்கொண்டு அந்தக் கூச்சலுக்காகக் காத்திருந்தார்கள். இடம் வந்தது. அண்ணன் மைக்கிலிருந்து ஓரடி பின்னால் போனான். தலையை அண்ணாந்து வாயை அகலத் திறந்தான்.

முற்றமே கத்தியது. சொல்தாக்கள், அவர்களுடைய மருமகன்கள், டிரம்ஸ்காரர், வாத்தியார், எல்லாரும் கழுத்து நரம்பு புடைக்க அந்தக் கூச்சலை இழுத்தார்கள். நான் அண்ணனின் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தழும்பு அசையவே இல்லை. தண்ணீருக்கு வெளியே போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றான். சத்தம் ஓய்ந்ததும் வாயை மூடிக்கொண்டு, மைக்குக்கு வந்து, கடைசி வரியை முணுமுணுத்து முடித்தான்.

கைதட்டல் ஷாமியானாவைப் பிய்த்தது. டிரம்ஸ்காரர் குச்சியை வீசிவிட்டு ஓடிவந்து அண்ணனைத் தூக்காத குறை. "மச்சான், கொரல் அப்டியே இருக்குதுடா! ஒண்ணுமே ஆகலடா உனக்கு!" என்றார். கண்ணில் தண்ணீர் வேறு. முசே அவனைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அண்ணன் எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

மைக் இன்னும் போட்டபடியே இருந்தது. அதைப் பிடித்துச் சொன்னேன். "அவன் பாடல. அந்த எடத்துல அவன் வாயிலேருந்து சத்தமே வரல. கத்துனது நீங்க. உங்க கத்தலக் கேட்டு நீங்களே கை தட்டிக்கினீங்க."

இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை. "நல்ல நாள்ல ஏம்மா இப்பிடி?" என்றார் வாத்தியார். முசேவுக்கு நான் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. மகள் அவர் காதில் குனிந்து சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமே இல்லாமல், குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"அதனால இன்னாம்மா? பாட்டு நல்லா இருந்துச்சில்ல?"

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். யாரோ சாப்பாடு எடுத்துவைக்கச் சொன்னார்கள். நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. அண்ணன் என்னைப் பார்த்தான். எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டேனே, அறையப்போகிறான் என்றே நினைத்தேன். அவன் என் கையிலிருந்து மைக்கை வாங்கி, ஸ்டாண்டைத் தன் வாய் உயரத்துக்கு இறக்கிப் பொருத்தினான். கிடார் வாத்தியாரைப் பார்த்தான். அவர் கிடாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுக் கை கழுவப் போனார். டிரம்ஸ்காரர் குச்சியைத் தேடுவது போலக் குனிந்தார், நிமிரவில்லை.

அண்ணன் துணைக்கு எதுவும் இல்லாமல் பாட ஆரம்பித்தான். மாடிப்படிப் பாட்டு.

கரகரவென்று வந்தது. மைக்கில் மூச்சு உஸ்ஸென்று அறைந்தது. ஒரு இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்தி, எச்சில் விழுங்கி, அந்த வரியை மறுபடி முதலிலிருந்து பாடினான். கரண்டிச் சத்தம் கேட்டது. "தம்பி, போதும்பா, பசிக்குது" என்று மெடல்காரர் ஒருவர் சொன்னார். சாப்பிடப் போனவர்கள் போக, முசே மட்டும் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, ஒன்றும் பிடிபடாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். கீழே யாரும் இல்லை என்கிற கடைசி வரியை அண்ணன் அவசரப்படாமல் பாடி முடித்தான்.

யாரும் கை தட்டவில்லை. நான் தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினான்.